கண்ணாடிக் காவலர்

வாசகரே, இன்று நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறவர் கண்ணாடிக் காவலர். போன் வாங்கி அதில் பேசுகிறவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்களால் நமக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. போன் கைக்கு வந்த நிமிடமே அதன் முகத்தில் என்றோ ஒருநாள் விழப்போகும் கீறலை நினைத்துக் கலங்கி, அந்தக் கீறல் விழாமல் காப்பதற்கென்றே மீதி ஆயுளை ஒதுக்கிவைக்கிறவர் எவரோ, அவரே நம் ஆள்.

இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒருவரை நான் இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பார்த்திருக்கிறேன். பெயர் செல்லசாமி. தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், முப்பது வருடம் தூளைப் பெட்டியில் அடைத்தவர். பெட்டிக்குள் ஒரு மூச்சுக் காற்றுப் புகுந்தாலும் தூள் கெட்டுவிடும் என்று ஈயத்தாளை மடித்து மடித்து ஒட்டியவர். அவர் அடைத்த பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தெட்டில் மூத்த மகன் அழகன் கட்டாரிலிருந்து ஒரு கலர் போன் அனுப்பினான். அந்த லயத்து வீட்டு வரிசையில் அதுவே முதல் கலர் போன். மற்றவர்களிடம் இருந்தவை எல்லாம் பச்சை வெளிச்சத்தில் கறுப்பு எழுத்துக் காட்டுகிறவை. "அப்பா, படமெல்லாம் பாக்கலாம்" என்று மகன் சொல்லி அனுப்பியிருந்தான். செல்லசாமி படம் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்குப் போய், போன் கடையில் நின்றார்.

போன் கண்ணாடிமேல் ஒட்டும் ஸ்டிக்கர் வாங்க நீங்களும் நானும் எவ்வளவு நேரம் எடுப்போம்? ஐந்து நிமிடம். கண்ணாடிக் காவலருக்கு அரை நாள். கடைக்காரர் எடுத்துக் காட்டும் ஒவ்வொரு ஸ்டிக்கரையும் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். ஸ்டிக்கரை எதற்கு முகர்வது என்று கேட்காதீர்கள். முப்பது வருடம் தேயிலையோடு இருந்தவர் எதையும் முகராமல் வாங்கமாட்டார்.

"இது மெல்லிசு. கீறல் தாங்குமா?"

"தாங்கும் ஐயா."

"தடிச்சதா இல்லையா?"

"தடிச்சது ஒட்டினா படம் மங்கலா தெரியும் ஐயா."

"படம் மங்குனா பரவால்ல. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது அந்த இனத்தின் மொத்தத் தத்துவமும். கண்ணாடி எதற்கு? பார்ப்பதற்கு. பார்க்க முடியாமல் போனாலும் சரி, கண்ணாடி நன்றாக இருக்கவேண்டும்.

தடித்த ஸ்டிக்கரையே வாங்கினார். கடைக்காரரை ஒட்டவிடவில்லை. அவர் கையில் வியர்வை இருந்ததாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, காம்பரா என்கிற அந்த ஓரறை வீட்டின் ஜன்னல் கதவை எல்லாம் சாத்தி, யாரும் கூட்டக்கூடாது, தலை சீவக்கூடாது, தும்மல் வந்தால் வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்விட வேண்டும் என்று கட்டளையிட்டு, அடையாள அட்டையை விளிம்பாகப் பிடித்து அழுத்தி அழுத்தி ஒட்டினார். ஒரு குமிழ் நின்றது. இடமிருந்து தள்ளினார், வலப்பக்கம் போனது. வலமிருந்து தள்ளினார், மேலே ஏறியது. ஒரு மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு, மிளகளவு குமிழ் ஒன்று திரையின் நடுவில் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருடம் பெட்டிக்குள் காற்றை விடாத மனிதர்.

ஆனால் கண்ணாடிக் காவலர் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. போனின் முகப்பில் மாரியம்மன் படத்தை வைத்தார். குமிழ் அம்மனின் மூக்கோரத்தில் வந்து பொருந்தியது. வெளிச்சம் பட்டால் பளிச்சென்றது. அடுத்த காம்பரா மீனம்மா பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, ஆத்தாளோட மூக்குத்தி மின்னுதுண்ணே!"

செல்லசாமி மறுக்கவில்லை. அன்று முதல் அது குமிழ் இல்லை.

இப்படி இருக்கும்போது, வட்டகொடையில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய தங்கை லெட்சுமி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். செல்லசாமியின் மகள் சுலக்ஷனாவுக்கு மாப்பிள்ளை. பெயர் நிரஞ்சன், அந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். இப்போதெல்லாம் போனில்தான் படம் அனுப்புகிறார்கள் என்று லெட்சுமி பெருமையாகச் சொன்னாள். படமும் வந்தது. திரை நிறைய முகம். செல்லசாமி பார்த்தார். நெற்றி சுருங்கியது. மனைவி பூரணியிடம் நீட்டினார்.

"இது என்னா, கன்னத்துல வெள்ளையா?"

பூரணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "தேமலு மாதிரி இருக்குங்க."

"பரவுற தேமலா இருந்தா?"

தேமல் இருந்தால்தான் என்ன என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் நானும் கேட்டிருக்க மாட்டோம். ஆகவே மேலே போவோம்.

ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றைக் கேட்கலாமே என்றாள் பூரணி. "ஸ்டூடியோக்காரன் தேமல அழிச்சிருவான். போன் பொய் சொல்லாது" என்றார் செல்லசாமி. சம்பந்தம் அதோடு நின்றது.

சுலக்ஷனாவின் நிலையை இப்போது யோசித்துப் பாருங்கள். அவளுக்கு நிரஞ்சனைப் பிடித்திருந்தது. போன தேர்த் திருவிழாவில் லெட்சுமி அத்தை ஜாடையாகக் காட்டியபோது, அவரைப் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் பார்த்திருக்கிறாள். இரண்டு கன்னமும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எந்தப் பெண் தன் தகப்பனிடம் போய், "அவர் கன்னத்தை நான் நன்றாகக் கவனித்தேன்" என்று சாட்சி சொல்லுவாள்? எனவே அவள் வேறு வழியில் போனாள்.

"அப்பா, அது ஸ்டிக்கர்ல உள்ள குமிழுப்பா. அம்மன் படத்துலயும் அதே எடத்துலதான் இருக்கு, பாருங்க."

"அது மூக்குத்தி."

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா!"

"ஆத்தா மூக்குத்தியும் ஒரு ஆம்பளையோட தேமலும் ஒண்ணா? வாய அலம்பிட்டு வா."

"சரி, ஸ்டிக்கர ஒருவாட்டி கழட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்ல?"

"மழ பெய்யுது. ஈரம் உள்ளாற போயிரும்."

"மழ விட்டதும்?"

"தூசி."

மலைநாட்டில் ஒன்று மழை பெய்யும், இல்லாவிட்டால் பெய்யப்போகும். இடையில் இருக்கும் நாலு நாளில் தூசி. ஆக ஸ்டிக்கர் கழற்றுவதற்கு உகந்த நாள் பஞ்சாங்கத்தில் இல்லை. இதற்கிடையில் லெட்சுமி அவசரமாகச் சொல்லி அனுப்பினாள்: மாப்பிள்ளை வீட்டுக்கு றொசல்லயிலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும். சுலக்ஷனா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. செல்லசாமி அந்த இரண்டு நாளும் போனைப் பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூரணி கொழுந்தெடுக்கிறவள். எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது என்று நின்று யோசிக்கிறவள் மாலையில் தராசுக்குப் போதிய நிறை கொண்டுபோக முடியாது. சனிக்கிழமை மத்தியானம் மலையிலிருந்து இறங்கி வந்து, கூடையை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு அந்தப் புள்ளைய நேர்லயே வரச்சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"ஒங்க போன்ல கேக்கலாம்னு பாத்தேன். ஸ்டிக்கர்ல நம்பரே தெரியல."

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நிரஞ்சன் லெட்சுமியோடு நனைந்துகொண்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் தலையைத் துவட்டவில்லை. முதலில் சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதன் வாயில் இரண்டு இறப்பர் பட்டி. அவற்றைக் கழற்றினால் உள்ளே கைதுடைக்கிற ஒரு லேஞ்சி. லேஞ்சிக்குள் ஒரு தோலுறை. தோலுறைக்குள் போன். போனின் முகத்தில் ஸ்டிக்கர்.

செல்லசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க ஒட்டுனது?"

"நானே ஒட்டுனேன் மாமா. குளிக்கிற அறையில."

"குளிக்கிற அறையிலயா?"

"சுடுதண்ணி ஆவி தூசியெல்லாம் அமுக்கிரும் மாமா. அதுக்குப் பொறகு ஒட்டணும்."

செல்லசாமி போனை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு குமிழ் இல்லை. முப்பது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு வேலையை அவர் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். தடித்ததா மெல்லிசா, நடுவிலிருந்து ஒட்டுவதா ஓரத்திலிருந்தா, கமராக் கண்ணுக்கும் ஒரு துண்டு வெட்டி ஒட்டலாமா. சுலக்ஷனா தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது நிரஞ்சன் நிமிர்ந்து பார்த்தார். பார்த்து, "போன் மேல சிந்திறாதீங்க" என்றார். திருவிழாவிலிருந்து அவள் மனதில் ஒத்திகை பார்த்துவைத்திருந்த முதல் பேச்சு இது இல்லை.

செல்லசாமி உள்ளே வந்து அறிவித்தார். "முடிச்சிருவோம். தங்கமான புள்ள."

"முகத்தப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாள் சுலக்ஷனா.

"எதுக்கு? போனத்தான் பாத்தேன்ல."

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு கண்ணாடிக் காவலரின் வீட்டிலிருந்து இன்னொரு கண்ணாடிக் காவலரின் வீட்டுக்குப் போவதற்கா இரண்டு நாள் பட்டினி கிடந்தாள்? நேரே வெளியே போய், பெரியவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் நிரஞ்சனிடம் கேட்டாள்.

"எனக்காக அந்த ஸ்டிக்கர கழட்டுவீங்களா?"

லெட்சுமி வாயில் வைத்த வடையைக் கடிக்காமல் நின்றாள். செல்லசாமி, வேண்டாம் தம்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நிரஞ்சன் போனைப் பார்த்தார். சுலக்ஷனாவைப் பார்த்தார். முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு ஓரத்தில் நகத்தை வைத்து, ஒரே இழுப்பில் உரித்துவிட்டார்.

சுலக்ஷனாவின் கண் கலங்கியது. பெரிய மனிதர்தான் என்று நினைத்தாள். அப்புறம் குனிந்து பார்த்தாள். கீழே இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது.

"இது கம்பனி ஒட்டுனது" என்றார் நிரஞ்சன் பரிதாபமாக. "இதையுமாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சம்மதம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தை மாதத்தில் கல்யாணம்.

அடுத்த வருடம் வட்டகொடையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுலக்ஷனா பிறந்த குழந்தையின் படத்தைக் காட்டப் போனை எடுத்துவந்தாள். கம்பனி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதன் மேலே புதிதாக ஒன்றும் ஏறியிருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் போனைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மெல்லப் புடிங்க அண்ணே. நகம் பட்டுரும்."

செல்லசாமி பயந்தது சரிதான். பரவுகிற வியாதிதான். ஆனால் கன்னத்தில் வருகிற வியாதி இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு டீவி ரிமோட் எந்தப் பைக்குள் இருக்கிறது? புதுக் கதிரையின் பொலித்தீனை எப்போது கழற்றப் போகிறீர்கள், விருந்தாளி வந்தபிறகா, போனபிறகா? இந்தப் புத்தகத்துக்கும் அட்டை போட்டுத்தான் படிக்கிறீர்களா? சும்மா கேட்டேன். எதற்கும் ஒருதரம் உங்கள் போனை அணைத்து, முகத்துக்கு நேரே பிடித்து, அதில் உங்களையே பாருங்கள். கன்னத்தில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே வைத்தியரிடம் ஓடவேண்டாம்.