அமைச்சருக்கு வாங்கிய வெள்ளிக் காது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் புதுத் தொழிற்சாலை ஒன்றைத் திறக்க அமைச்சர் வருவதாக இருந்தது. அந்தக் காலத்தில் எந்தத் தலைவர் வந்தாலும் மேடையில் வெள்ளி வாள் கொடுப்பார்கள். அவர் அதை உருவி உயர்த்திக் காட்டுவார், கூட்டம் விசிலடிக்கும். (அந்த வாளால் வெங்காயம்கூட நறுக்க முடியாது.) வாள் வாங்கிவரும் பொறுப்பை எங்கள் கட்சியின் கிளைச் செயலாளர் துரை அண்ணன் என்னிடம் கொடுத்தார். அவருக்கு நேரம் சரியில்லை, வேறென்ன சொல்ல!

எனக்கோ வேறு கவலை. பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த எங்கள் குப்பத்துக்குச் சாலை கிடையாது. பிரசவம் என்றால் படகில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் மனைவி வள்ளி அப்போது நிறைமாதம். இதே அமைச்சரிடம் சாலை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். மனிதர் காதில் விழவே இல்லை.

வாள் வாங்கக் கிளம்பியவன் பெரியபாளையத்தில் இறங்கிவிட்டேன். கால் வலித்தால் வெள்ளியில் கால், கண் மங்கினால் கண் என்று அம்மனுக்குக் காணிக்கை செலுத்துவது அங்கே வழக்கம். கடைகளில் எல்லா உறுப்பும் கிடைக்கும். அமைச்சருக்கு எது கோளாறோ அதை வாங்கினேன், ஒரு ஜோடி. அம்மனுக்குக் கொடுப்பதை மனிதருக்குக் கொடுத்தால் அவருக்குப் பெருமைதானே! (என் மூளை அப்படி.)

தட்டில் வைத்து, துண்டால் மூடி, மேடையேறினேன். அமைச்சர் மூடநம்பிக்கைகளை வெளுத்து வாங்கிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். துரை அண்ணன், "அடுத்து வீரவாள்!" என்று மைக்கில் முழங்கிவிட்டுத் துண்டை எடுத்தார்.

அமைச்சர் குனிந்து பார்த்தார். "இன்னாய்யா இது?"

"காதுங்க."

"வாள் எங்கடா, கஸ்மாலம்?" துரை அண்ணன் பல்லைக் கடித்தார்.

"வாள வச்சிக்கினு இவரு யார வெட்டப் போறாரு? ரோடு ரோடுன்னு கத்திக்கினே கீறோம், இவருக்குக் கேக்கலியே அண்ணே!"

அத்தனையும் மைக்கில் போய்விட்டது. எங்கள் குப்பத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. அமைச்சர் காரேறிப் போனார். அன்று மாலையே என்னைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள்.

வள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். "போனதுதான் போன, உனக்கு ஒரு மூளை வாங்கினு வந்திருக்கக் கூடாதா?"

என் மகள் படகில்தான் பிறந்தாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் போகிற ஊரிலெல்லாம் அமைச்சரிடம் காதைப் பற்றியே விசாரித்தார்களாம். அடுத்த வருஷமே சாலை போட்டுவிட்டார்கள். திறந்துவைக்க அவரே வந்தார். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

இப்போதும் ஓட்டுக் கேட்டு யாராவது தெருவுக்குள் நுழைந்தால், வள்ளி என்னை அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள். வீடே சிரிக்கும். போடட்டும், ஜன்னல் இருக்கிறது.