பஸ்ஸில் மாட்டிய விமான பெல்ட்

நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தார். அவர் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேனேஜர் முதல் டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் பெல்ட்டு அண்ணன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி விமான சீட்டுக்கு உறை தைத்து, பெல்ட் மாட்டி அனுப்புகிறது. நான் கட்டிங் செக்‌ஷன். சாயந்தரம் ஆனால் தோள் தனியாகக் கழன்று விழுகிற மாதிரி இருக்கும். பெல்ட்டு அண்ணனுக்கு வேலை, நாங்கள் வெட்டின துணியைக் கொளுத்துவது. ஒரு துண்டைக் கூண்டுக்குள் தொங்கவிட்டு அடியில் நெருப்பு வைப்பார். நெருப்பை எடுத்ததும் துணி தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் சரக்கு மொத்தமும் திரும்பிப் போகும். நாள் முழுக்க நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும்? சாமிக்குக் கற்பூரம் காட்டினால்கூட, நெருப்பு பட்டுவிடாமல் ஜன்னல் திரையைக் கையில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கும்பிடுகிறார் என்று அவர் மனைவியே என்னிடம் அலுத்துக்கொண்டார்.

அது அவர் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திருவள்ளூர் திரும்பும் பஸ்ஸில் ஏறி, அப்பாடா என்று கண்ணை மூடும் நேரத்தில் எழுந்து நிற்பார். ஏர்ஹோஸ்டஸ் மாதிரி இரண்டு கையையும் நீட்டி, முன்னால் வாசல், பின்னால் ஜன்னல் என்று காட்டுவார். அவசரம் என்றால் பையை எடுக்கக்கூடாது, செருப்பைத் தேடக்கூடாது, முன்னால் போகிறவரைத் தள்ளக்கூடாது. தினமும் இதே. ஆயுத பூஜையன்று பொரிப் பொட்டலத்தோடும் இதே. இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை.

டிரைவர் ஒருநாள் கேட்டேவிட்டார்: "இது இன்னா ஏரோப்ளேனா அண்ணே? பெரியபாளையம் போறதுக்குள்ளயே இதுக்கு மூச்சு வாங்குது."

"மூச்சு வாங்குற வண்டிக்குத்தாம்பா சொல்றேன்" என்றார் அண்ணன்.

கழித்துப்போட்ட சரக்கிலிருந்து ஒரு விமான பெல்ட்டைக் கேட்டு வாங்கி, தன் சீட்டில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். அதை எதற்காகக் கழித்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு சாயந்தரம், கவரைப்பேட்டை தாண்டியதும் என்ஜின் பக்கமிருந்து புகை வந்தது. யாரோ பீடி பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ரப்பர் கருகும் வாடை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டோம்.

"பையெல்லாம் உட்டுடு. முன்னால இருக்கறவங்க வாசல், பின்னால இருக்கறவங்க ஜன்னல். தள்ளாத, நட." பெல்ட்டு அண்ணன் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. எத்தனையோ வருஷம் அரைத்தூக்கத்தில் கேட்ட பேச்சு. கால் தானாக நடந்தது. யாரும் யாரையும் மிதிக்கவில்லை.

கீழே இறங்கிய பிறகுதான் வீட்டுச் சாவி பையில் இருப்பது ஞாபகம் வந்தது. பூட்டு உடைக்க ஆள் தேடும் தெம்பு எனக்கு இல்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்ப ஏறினேன்.

பெல்ட்டு அண்ணன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பெல்ட்டின் பக்கிள் திறக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் நிம்மதிப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டார்.

"பைய எடுக்கவா திரும்பி வந்த?"

"ஆமாண்ணா."

"இத்தினி வருசமா நான் இன்னா சொல்லிக்கினு இருக்கேன்? எறங்கு."

"நீங்க எறங்குங்க, நானும் எறங்கறேன்."

துணி வெட்டும் கத்திரியை நான் ஃபேக்டரியில் விட்டுவைப்பதில்லை, பையில்தான் இருக்கும். ஆனால் விமான பெல்ட் அவ்வளவு லேசில் அறுபடுகிற சாமானா? நான் அறுக்க அறுக்க, கத்திரியைச் சாய்த்துப் பிடி என்றார். இருமினார். நீ போய்விடு என்றார். மறுபடியும் சாய்த்துப் பிடி என்றார். ஒருவழியாக அறுந்தது. வாசல் பக்கம் ஒரே புகை. பின் ஜன்னல் வழியாக முதலில் என்னைத் தள்ளி, பிறகு அவர் குதித்தார்.

டிரைவர் பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு, மண்ணை வாரிக் கொட்டித் தீயை அணைத்தார். என்ஜின் போயிற்று. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெல்ட்டு அண்ணன் ரோட்டோரத்து மைல்கல்லில் போய் உட்கார்ந்தார். பையை எடுக்கத் திரும்பி வந்ததற்குப் பாட்டு விழும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவர் திட்டவில்லை, கருகிய என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெருப்ப நான் கூண்டுக்குள்ளயேதாம்மா பாத்திருக்கேன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மாற்று வண்டி வந்தது. எல்லோரும் ஏறினார்கள். எனக்குத் தோள் விண்விண் என்று தெறித்தது. வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். அண்ணன் எழுந்திருக்கவில்லை, வண்டிப் பக்கமே திரும்பவில்லை. நீங்கள் கிளம்புங்கள், நாங்கள் அடுத்த வண்டியில் வருகிறோம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, அந்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டேன்.