பதினேழாம் கணக்கு

கணக்குப்படி குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வந்ததோ நூல். அதுவும் நைந்த நூல்.

பேராசிரியர் வாஷ்பேசின் முன்னால் நின்று அதை முறைத்துக்கொண்டிருந்தார். பொறியியல் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாகத் திரவ இயக்கவியல் நடத்துகிறவர். மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் அழுத்தம் சார். மறுநாள் வகுப்பில் கொடுக்க வேண்டிய பயிற்சித் தாள் அவர் கையில் இருந்தது. தலைப்பு, 'திரவங்களின் பண்புகளும் அழுத்தமும்: நாற்பது பயிற்சிக் கணக்குகள்'. அதில் பதினேழாம் கணக்கைச் சொந்த வீட்டை வைத்தே போட்டிருந்தார். மொட்டைமாடித் தொட்டிக்கும் முதல் மாடி வாஷ்பேசின் குழாய்க்கும் உயர வித்தியாசம் மூன்று மீட்டர் எனக் கொள்க. தொட்டி நிரம்பியிருப்பதாகக் கொள்க. உராய்வு இல்லை எனக் கொள்க. குழாயில் அழுத்தம் எவ்வளவு? விடை, இருபத்தொன்பது கிலோபாஸ்கல் சொச்சம். மூன்று தடவை சரிபார்த்துவிட்டார். விடையில் பிசகே இல்லை.

"அந்தப் பேப்பரைக் குழாய்க்குப் படிச்சுக் காட்டுங்க. புரிஞ்சுதுன்னா வரும்," என்றாள் மனைவி.

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. வீட்டின் முன்னறைதான் அவளுடைய பியூட்டி பார்லர். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணிக்கு முடிக்கு டை அடித்துக்கொள்ள ஒரு வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. சாதாரண வாடிக்கையாளர் இல்லை. பேராசிரியருடைய கல்லூரியின் முதல்வர் அம்மா. துறைத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு பேரில் யாருக்கு அது என்று திங்கட்கிழமை அந்த அம்மாதான் கையெழுத்துப் போடப் போகிறார். மூன்று வாரமாக நயமாகப் பேசிப் பேசி அவரைப் பார்லருக்கு வர வைத்திருந்தாள் மனைவி. டையைத் தடவி முப்பதாவது நிமிடத்தில் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசியாக வேண்டும். தாமதித்தால் தலை எரியும், நிறமும் டப்பாவில் படம் போட்டிருக்கிற நிறமாக இருக்காது.

தெருமுனை பிளம்பரைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், பேராசிரியருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. அந்த பிளம்பர் அவருடைய பழைய மாணவன். இதே பாடத்தில் மூன்று முறை தோற்று, படிப்பை விட்டுவிட்டு ஸ்பேனரைத் தூக்கியவன். இப்போது நான்கு தெருவுக்கு அவன்தான் ராஜா. கடைசித் தேர்வில், தொட்டியிலிருந்து வரும் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்ற கேள்விக்கு, 'நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று ஒரே வரியில் விடை எழுதியிருந்தான். பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பூஜ்யம் போட்டார். அதோடு விடாமல், ஏழு வருடமாக ஒவ்வொரு புது வகுப்பிலும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாணவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் மதிப்பெண் வேண்டுமே.

"அவன் வந்து என் வீட்டுக் குழாயைப் பார்க்கறதாவது? மத்தியானத்துக்குள்ள நானே சரி பண்றேன்," என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் சட்டைக் கையை மடித்தார்.

முதலில் குழாய் முனையில் இருந்த சல்லடையைக் கழற்றினார். கட்டிங் பிளேயரால் ஒரு திருகு கூடுதலாகத் திருகியதில் உள்ளே இருந்த வாஷர் பிய்ந்து வந்தது. அதுவரைக்கும் வாயிலிருந்து மட்டும் வந்த நூல், இப்போது பாதி வாயிலும் பாதி கழுத்திலுமாகக் கசிந்தது. மனைவி ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவருக்கு இன்னும் உறைத்தது.

கோளாறு குழாயில் இல்லை, உயரத்தில்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். பின்பக்கப் படி வழியாக மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கே ஒரே அளவில் இரண்டு கறுப்புத் தொட்டிகள் இருந்தன. ஒன்று அவர்களுடையது, இன்னொன்று கீழ் வீட்டுத் தையல்காரம்மாவுடையது. நான்கு வருடத்துக்கு முன் வீடு பார்க்க வந்தபோது, முழங்கால் வலி என்று வீட்டுக்காரர் மாடி ஏறவில்லை. தெருவில் நின்றபடியே கையை நீட்டி, இடது பக்கத் தொட்டி உங்களுடையது, வலது கீழ் வீட்டுக்கு என்று சொல்லியிருந்தார். பேராசிரியருக்கு ஞாபகசக்தி அபாரம். தெருவைப் பார்த்து நின்று, தன் இடது கைப் பக்கம் இருந்த தொட்டிக்கு நேரே போனார்.

தொட்டியைக் காலி செய்தார். மொட்டைமாடி முழுக்க வெள்ளக்காடானது. தண்ணீர் வெளியேறும் வாயில் விரலை விட்டு நோண்டியபோது இரண்டு கைப்பிடி சேறு வந்தது. அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சேற்றை ஒரு தகரத்தில் எடுத்து வந்து மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். பிறகு ஹாலோ பிளாக் கற்களை இரண்டு வரிசை அடுக்கி, இடுப்பு பிடித்துக்கொள்ளத் தொட்டியைத் தூக்கி அதன் மேல் வைத்தார். நாற்பது சென்டிமீட்டர் உயர்ந்தது. அதாவது நான்கு கிலோபாஸ்கல் லாபம். அந்த இடுப்பு வலியிலும் இதை மனக்கணக்காகவே போட்டார்.

இரண்டு தொட்டிக்கும் சேர்த்துக் கீழே ஒரே மோட்டார்தான். எந்த வால்வு திறந்திருக்கிறதோ அதற்குத் தண்ணீர் ஏறும். காலி செய்த தொட்டி சீக்கிரம் நிறையட்டும் என்று இடது வால்வை முழுக்கத் திறந்து, வலது வால்வை இறுக்கி மூடினார். தையல்காரம்மா தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் திறந்துவிட்டால் போயிற்று என்று நினைத்தார். திறக்க மறந்தே போனார்.

தொட்டி நிறைந்ததும் ஆசையோடு கீழே வந்து குழாயைத் திறந்தார். நூல் போய், சொட்டு வந்தது. முனையில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஏன் விழ மாட்டேங்குது தெரியுமா? இதுக்குப் பேர் பரப்பு இழுவிசை. ஆறாவது கணக்குல வச்சிருக்கேன்," என்றார்.

"அதுக்குப் பேரெல்லாம் வேணாங்க. அது கீழ விழுந்தாப் போதும்," என்றாள் மனைவி. அவள் குரல் லேசாக உடைந்திருந்தது. பேராசிரியர் அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று.

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டில் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் தடதடவென்று கேட்டது. தையல்காரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இன்றைக்கு என்னவோ தண்ணீர் பக்கெட்டையே தள்ளிவிடுகிற மாதிரி வருகிறது, மேலேயும் அப்படித்தானா என்று வெள்ளந்தியாக விசாரித்தார். பேராசிரியருக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. கீழ் வீட்டுக் குழாய் இன்னும் மூன்று மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் இரண்டு மடங்கு. எங்கேயோ சுவருக்குள் இரண்டு குழாய்களும் சேர்கின்றன. இவர் இடுப்பொடிய ஏற்றிய தண்ணீரை அந்த அம்மா சுளையாக இழுத்துக்கொள்கிறார்.

சோதித்துப் பார்க்க வழி சுலபமாக இருந்தது. மறுபடியும் மாடி ஏறி, வலது தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வையும் அடைத்தார். அரை மணி நேரம் கீழ் வீட்டை நிறுத்தி வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் தடதட சத்தம் நிற்கவில்லை. குழாய்க்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் எனக் கொண்டார்.

"சரியாயிடுச்சு!" என்று மாடியிலிருந்தே கத்தினார்.

அதுதான் வினையாகப் போயிற்று. முதல்வர் அம்மா இருபது நிமிடம் முன்னதாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மனைவி சாக்குப்போக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவனின் குரல் கேட்டதும் நம்பி, டையைக் குழைத்துத் தடவ ஆரம்பித்துவிட்டாள். கட்டிக்கொண்டவள் நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்?

பேராசிரியர் இறங்கி வந்தபோது முதல்வர் அம்மாவின் தலை முழுக்கக் கறுப்புக் களிம்பு. மேஜையில் முப்பது நிமிடத்துக்கு முடுக்கிவிட்ட கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் கும்பிடு போட்டுவிட்டு நைசாக வாஷ்பேசின் பக்கம் போய்த் துணியை அவிழ்த்துக் குழாயைத் திறந்தார். சொட்டும் இல்லை. குழாய் ஒரு முறை கனைத்தது, அவ்வளவுதான்.

மனைவி பின்னாலேயே வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, காலையில் முன்ஜாக்கிரதையாகப் பிடித்து வைத்த இரண்டு பக்கெட் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். சேறு பட்ட கைகாலைக் கழுவிக்கொண்டேன் என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"நெத்தியில வழியுதே அம்மா," என்றார் முதல்வர்.

"பாகுநிலை கொஞ்சம் கம்மி மேடம்," என்று பேராசிரியர் வாய் தவறிச் சொன்னார். மனைவி அவர் காலை மிதித்தாள்.

இருபத்தாறாவது நிமிடத்தில் முதல்வர் அம்மா தலை கொஞ்சம் காந்துகிறது என்றார். இருபத்தெட்டாவது நிமிடத்தில் ரொம்பவே காந்துகிறது என்றார். மனைவி அதற்கு மேல் யோசிக்கவில்லை. அந்த அம்மாவின் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டு, கையைப் பிடித்து விறுவிறுவென்று கீழ் வீட்டுக்கு இறக்கிக்கொண்டு போனாள். பேராசிரியர் தனியாகக் காலி நாற்காலிக்கு முன்னால் நின்றார். துறைத் தலைவர் நாற்காலியும் இதே மாதிரி கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, மேஜையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நிறுத்தினார்.

கால் மணி நேரத்தில் முதல்வர் அம்மா திரும்பி வந்தார். பின்னாலேயே தையல்காரம்மாவும் பக்கெட்டில் தண்ணீரோடு வந்தார். முதல்வர் அம்மாவின் தலை பளபளத்தது, முகம் அதைவிட.

"என்ன தண்ணி சார் அது! மண்டையில நாலு பேர் நின்னு பிடிச்சுவிட்ட மாதிரி இருந்தது. கீழ அப்படி வருது, உங்களுக்கு மட்டும் ஏன் வரலை?"

பேராசிரியர் நிமிர்ந்தார். பாடத்தைப் பற்றி யாராவது கேள்வி கேட்டுவிட்டால் அவருக்கு இடுப்பு வலிகூட ஓடிவிடும். பயிற்சித் தாளைத் திருப்பிப் படம் வரைந்தார். உயரம், அழுத்தம், சுவருக்குள் கள்ளத்தனமாகச் சேரும் குழாய் என்று பத்து நிமிடம் அடுக்கினார். இது ஒரு வகையில் தண்ணீர்த் திருட்டு, தெரியாமல் நடந்தாலும் திருட்டுதான் என்று முடித்தார். தையல்காரம்மா நான் என்ன பாவம் செய்தேன் என்று முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றார். வேதியியல்காரரான முதல்வர் அம்மா படத்தை வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

"தலைவர் நாற்காலிக்கு இப்படி அலசி ஆராயற ஆள்தான் சார் வேணும். நாளைக்குக் காலையில ஆபீஸ் ரூமுக்கு வந்துடுங்க," என்றார்.

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேராசிரியர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் பையோடு அந்த பிளம்பர் வாசலில் வந்து நின்றான். தொட்டியைத் தூக்கி வைக்கணும், அடைப்பு எடுக்கணும் என்று தையல்காரம்மா சொல்லி வைத்து இரண்டு வாரம் ஆயிற்றாம், இன்றைக்குத்தான் ஒழிந்ததாம். பழைய வாத்தியாரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பணிவாகக் கும்பிட்டான்.

"மொட்டைமாடிக்கு நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துதான் சொல்றேன் சார்," என்றான். "கீழ் வீட்டுத் தொட்டியில எனக்கு ஒரு வேலையும் பாக்கி வைக்காம நீங்களே பிரமாதமா முடிச்சுட்டீங்க, நீங்க அடைச்சு வச்சிருக்கிற உங்க தொட்டியை மட்டும் நான் திறந்து விட்டுடட்டுமா?"