உன் வண்டி இனி ஓடாது மச்சான்

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனனுக்கு, உன் அக்கா கணவன் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதும் கடிதம். இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் வலது முழங்காலுக்கு மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் உன்னுடைய மோட்டார் சைக்கிள் என்பதால் அந்த விவரத்தைக் கீழே சொல்கிறேன். பன்னிரண்டாம் தேதி வந்து வண்டியை எடுத்துப் போய் விற்கப்போவதாக நீ எழுதியதை உன் அக்கா இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். ஒரு தடவையே போதும். எனக்கு எழுத்துதான் தெரியாது, காது நன்றாகவே இருக்கிறது. உனக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் வண்டி செத்துவிட்டது.

நீ அதை எங்கள் ஷெட்டில் விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனது ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால். தூறிக்கொண்டிருந்தது. நீலச் சட்டை போட்டிருந்தாய், மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. "அத்தான், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்க" என்றாய். நான் "சரி" என்றேன். சரி என்றேனே தவிர செய்கிறேன் என்று சொல்லவில்லை, வேண்டுமானால் யோசித்துப் பார். அதன்மேல் முதலில் ஒரு சாக்கு ஏறியது, பிறகு கால் உடைந்த நாற்காலி, அப்புறம் பழைய அலமாரிக் கதவு, கடைசியில் உள்ளே வண்டி இருப்பதே மறந்துபோய்விட்டது. நாலு மாசத்துக்கு முன்னால் மாவு மில்லிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். "விட்டத்தைப் பாத்துட்டே கிடக்காம அந்த ஷெட்டையாவது ஒழிங்க"ன்னு உன் அக்கா விரட்டினதாலதான் நான் அதைக் கண்ணால பார்த்தேன்.

மில்லுல முப்பத்தஞ்சு வருஷம் எஞ்சின் ஓட்டினவனுக்கு இதெல்லாம் ஒரு வண்டியான்னு காலைத் தூக்கி உதைச்சேன். நாப்பத்தாறு உதை. எண்ணிட்டேதான் உதைச்சேன். முப்பத்தொண்ணாவதுல செருப்பு பறந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் மொட்டைமாடியில விழுந்துச்சு. நாப்பத்தாறாவதுல வண்டி என்னைத் திருப்பி உதைச்சுது, அதுதான் முழங்கால் கதை. பேட்டரி சுத்தமா காலி, ஹார்ன் அமுத்தினா சளி பிடிச்ச பூனை மாதிரி ஒரு சத்தம். டேங்கைத் திறந்தா பெட்ரோல் வாசனையே இல்ல, வார்னிஷ் வாசனை. அதைக் கவிழ்த்து ஊத்தினப்ப உன் அக்கா உள்ளேருந்து, "எந்தச் சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறீங்க?"ன்னா. கார்புரேட்டரைக் கழட்டினா உள்ளே பெட்ரோல் காய்ஞ்சு பிசின் மாதிரி உட்கார்ந்து, ஊசித்துளை அத்தனையும் அடைச்சிருந்துச்சு. ஏர் ஃபில்டர்ல எலி குடும்பம் நடத்தியிருக்கு, மெத்தை உன் சீட்டோட பஞ்சு. பிளக் கரிக்கட்டை. அதை உன் அக்காவோட பல் பிரஷ்ஷால நல்லாத் தேய்ச்சேன்.

(இந்த இடத்துல எழுதுறவ பேனாவைக் கீழே வச்சுட்டா. இவ்வளவு நாளா அந்த பிரஷ்ஷாலதான் பல்லு விளக்கியிருக்கா போல. கழுவித்தான்டி வச்சேன், அதையும் சேர்த்து எழுது.)

அப்புறம் கேளு. புது பெட்ரோல் ஊத்தி உதைச்சா, மூணாவது உதையில வண்டி பிடிச்சுக்கிச்சு. சந்தோஷத்துல கிளட்ச்சை அமுக்கி, முதல் கியரைப் போட்டேன். கிளட்ச் உள்ளங்கையோட ஒட்டிக் கிடக்கு, வண்டி நிக்கணும்தானே? நிக்கலை. தாவிச்சு. நான் பிடிச்சிருக்கிற சேதியே அதுக்குப் போய்ச் சேரலை. ஷெட்டு தாண்டி, கேட்டு தாண்டி, தெருவுல இறங்கிடுச்சு. பிரேக்கை மிதிச்சா உள்ள துரு, சத்தம் மட்டும்தான் வருது. சாவியைத் திருகி அணைச்சிருக்கலாமேன்னு நீ கேப்பே. சாவியைத் திருக ஒரு கை வேணும் மச்சான், எனக்கு ரெண்டு கையும் உயிரைப் பிடிச்சிட்டிருந்துச்சு. கணக்கு வாத்தியார் என் செருப்பைக் கையில வச்சுட்டு வாசல்ல நின்னுட்டு, "என்ன பெரியவரே, இவ்வளவு அவசரமா எங்க?"ன்னார். "வண்டியைக் கேளுங்க சார்!"னுட்டே போனேன். தெருக்கோடியில யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல்தான் எங்களை நிறுத்துச்சு.

நம்ம மெக்கானிக்கைத் தெரியும்ல, எதைக் கேட்டாலும் நாளைக்குன்னு சொல்லி நாளைக்குங்கிறதே பேராப் போனவன். அவன் நாலாவது நாள் வந்தான். "கிளட்ச்சுக்குள்ள தட்டு தட்டா இருக்கும் பெரியவரே. எண்ணெயிலதான் கிடக்கும், ஆனா வருஷக்கணக்கா சும்மா நின்னதுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. நீங்க என்ன அமுக்கினாலும் பிரியாது"ன்னான். "நாப்பத்திரெண்டு வருஷமா எங்க வீட்டுலயும் அதே கேஸ்தான்டா"ன்னேன். "எங்க கேஸ்ல எண்ணெயும் கிடையாது தம்பி"ன்னு உன் அக்கா சொல்லிட்டுப் போனா. கிளட்ச் லீவரை ராத்திரி முழுக்க ஹேண்டில்பாரோட சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னான். துணி காயப்போடற கயித்தை அவுத்துக் கட்டினேன், அதுல துணி இருந்ததை அப்புறம்தான் கவனிச்சேன். விடிஞ்சும் பிரியலை. மூடியைக் கழட்டி, தட்டுகளை ஒவ்வொண்ணாப் பிரிச்சு, உப்புத்தாள்ல தேய்ச்சு, புது எண்ணெயில ஊற வச்சோம். எந்தப் பாத்திரத்துலன்னு இப்ப சொல்ல மாட்டேன், பிரஷ் விஷயத்துலயே இவ முகம் சரியில்ல. எல்லாம் மாட்டி முடிச்சதும் கிளட்ச் கேபிள் பட்டுன்னு அறுந்துச்சு. அதுக்கும் புதுசு போட்டு, லீவருக்குக் கொஞ்சம் தளர்வும் விட்டாச்சு.

இவ்வளவு பண்ணியும் என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை. செத்தது செத்ததுதான். நாலாவது கியர்ல ஒரு முனகல். நாப்பதுக்கு மேல போனா இடது பக்கக் கண்ணாடி நடுங்குது. மார்க்கெட் ஏத்தத்துல மூச்சு வாங்குது. "ஓடாத வண்டி ஏத்தத்துல எப்படிங்க மூச்சு வாங்கும்?"னு இவ கேக்குறா. மெக்கானிக் சொன்னான்னு எழுதுடி, உன்னை எழுதத்தான் கூப்பிட்டேன், கேள்வி கேக்க இல்ல.

அதனால மச்சான், இதைப் போய் ஒருத்தனுக்குக் காட்டினா அவன் உன்னைப் பார்த்துச் சிரிப்பான். உனக்கு அந்த அவமானம் வேண்டாம். அக்காவைப் பார்க்கணும்னா வா, நாலு நாள் இரு, ஷெட்டுப் பக்கம் மட்டும் போகாதே, பார்த்தா மனசு தாங்காது. பிணம் எங்க ஷெட்டுலயே கிடக்கட்டும், அந்தப் பாரத்தை நான் சுமக்கிறேன். வண்டிப் புத்தகத்துல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டு என் பேருக்கு மாத்திக் கொடுத்துடு. செத்த வண்டிக்கும் இப்பல்லாம் பேப்பர் கேக்குறாங்களாம்.

உன் மனைவி மக்களுக்கு எங்கள் அன்பு. கடல் உனக்கு அடங்கி நடக்கட்டும், பதவி உயரட்டும், தலையில் மிச்சமிருக்கும் முடி நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா கணவன்
(பெருவிரல் ரேகை. மை இல்லாததால் கிரீஸ்.)

பி.கு: தம்பி, இது நான் எழுதுறது. வண்டி மூணு மாசமா ஓடுது. ஒரே உதையில கிளம்புது. இந்தக் கடுதாசிக்கு ஸ்டாம்பு வாங்க அதுலதான் போயிருக்கார். தபால் ஆபீஸ் நாலு வீடு தள்ளி, போய் அரை மணி நேரம் ஆச்சு. வந்ததும் எழுதினதை வாசிச்சுக் காட்டுன்னு உட்காருவார், ஒரு வார்த்தை குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவார், அதனால மேல உள்ளதெல்லாம் அவர் சொன்னபடியே இருக்கு. இந்த இடம் வந்ததும் நான் நிறுத்திக்குவேன். பன்னெண்டாம் தேதி கண்டிப்பா வா. வந்து வண்டியைப் பார்த்து, "ஐயோ, செத்தே போச்சே அத்தான்"னு சொல்லிட்டு, புத்தகத்துல கையெழுத்துப் போட்டுடு. வாங்க வர்றவனுக்கு ஏதாவது சாக்கு சொல்லிக்கோ. ஞாயித்துக்கிழமையில ஏரி வரைக்கும் கூட்டிட்டுப் போறார். போகும்போது முழுக்க நான் கண்ணை மூடிட்டுத்தான் இருக்கேன், ஆனா ஒரு வாரம் கூட விடலை. வரும்போது ரெண்டு ஹெல்மெட் வாங்கிட்டு வா. பெரிய தலைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.