ஏட்டையா வந்த நிச்சயதார்த்தம்

நோய் வந்தால் வாயில் நுழைகிற பெயருள்ள நோயாக வர வேண்டும். சர்க்கரை என்று சொன்னால் எதிரே இருப்பவர் உடனே தன்னுடைய சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பேச்சு வளரும், சொந்தம் வளரும். எனக்கு வந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மதுரையில் டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னபோது, மாத்திரையின் பெயர் என்று நினைத்து, "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா சார்?" என்று கேட்டேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். அது தெரிந்ததும் டாக்டர் என் பாஷைக்கே இறங்கி வந்தார். இதயத்தின் மேல் அறைகளில் கரண்ட் தாறுமாறாக ஓடுகிறது. அதனால் அவை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்குகின்றன. ரத்தம் தேங்கி, கட்டியாகி, மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ஆகவே ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, ஓட்டத்தை அடக்க ஒரு மாத்திரை. "புதுசா காயில் கட்ட முடியாதா சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. (நானும் விளையாட்டாகக் கேட்கவில்லை.)

அது வரும்போது, சட்டைப் பைக்குள் ஒரு கோழிக்குஞ்சைப் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டது போல இருக்கும். பெரும்பாலும் உட்கார்ந்து, மூச்சை நிதானமாக விட்டால் தானாக அடங்கிவிடும். தலைசுற்றலோ மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ சேர்ந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது உத்தரவு.

என் மனைவி செல்விக்கு அந்தப் பெயர் 'ஏட்ரி' வரைக்கும்தான் வந்தது. மீதியை அவளாகவே முடித்து 'ஏட்டையா' ஆக்கிவிட்டாள். "இன்னைக்கு ஏட்டையா வந்தாகளா?" என்று தினமும் மரியாதையாகக் கேட்பாள்.

எங்களைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் தங்கை கனி. அவள் மகள் காவ்யாவுக்கு ராஜபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் ஆர்டர்தான் போடுவார் என்று கேள்வி.

"அண்ணே, அவிய எல்லாத்தையும் விசாரிச்சுத்தான் பொண்ணு எடுக்காக. தாய்மாமனுக்கு நெஞ்சுக் கோளாறுன்னு தெரிஞ்சா, பிள்ளைக்கும் வரும்பாக. நிச்சயம் முடியுற வரைக்கும் ஏட்டையா பேச்சே எடுக்காத" என்றாள் கனி.

"நான் எடுக்க மாட்டேன் தாயி. அவரா வந்தா நான் என்ன செய்ய?"

"வரக்கூடாது" என்றாள்.

எங்கள் ஊர் மடவார் வளாகத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் நிச்சயதார்த்தம். வேலை அலைச்சலில் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. காபியை ஊற்றி ஊற்றி என்னை நிமிர்த்தி வைத்திருந்தேன். (தூக்கம் கெடக்கூடாது, காபி கூடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாய்மாமனுக்கு அது பொருந்தாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.)

தட்டு மாற்றும் நேரம் நெருங்கியபோது கோழிக்குஞ்சு எழுந்துகொண்டது. செல்வியை ஜாடை காட்டி அழைத்து, "ஏட்டையா வந்துட்டாரு" என்றேன். பக்கத்தில் நின்ற சுபேதாரின் அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது.

"ஏலே, ஏட்டையா வந்திருக்காகளாம், முன்னால ஒரு சேர் போடுங்கலே" என்று சத்தம் கொடுத்தார். சேர் போட்டார்கள். விழா முடியும்வரை அதில் யாரும் உட்காரவில்லையாம்.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள் செல்வி.

"தட்டு மாத்துன பொறவு போவோம்."

அதற்குள் அடக்கிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை. ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கினால் படபடப்பு நிற்கும் என்று செல்போனில் ஒருவர் சொல்லிக் கேட்டிருந்தேன். (அது வேறு வகைப் படபடப்புக்கு என்று பிறகு தெரிந்தது.) மண்டபத்தின் பின்பக்கம் போனேன். சமையல்கட்டு வாசலில் ஒரு பெரிய டப்பில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே பன்னீர் சோடா பாட்டில்கள் மிதந்துகொண்டிருந்தன. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டேன்.

நிமிர்ந்தபோது, எதிரே மோர் டம்ளரோடு சுபேதாரின் அண்ணன்.

"என்ன அண்ணாச்சி, காலங்காத்தாலயே போட்டாச்சா?"

மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட யோசித்தேன். நெஞ்சுக் கோளாறு என்றால் பரம்பரைக்கு இறங்கும். குடி என்றால் என்னோடு போய்விடும்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "ஒரு சந்தோசத்துல."

என் வாழ்நாளில் எனக்கு ஏறிய ஒரே போதை, ஒருமுறை பாக்கு சொக்கியதுதான். அப்படிப்பட்டவனுக்குச் சுற்றிலும் ஐந்தாறு பேர் கூடி வைத்தியம் பார்த்தார்கள். ஒருவர் உச்சந்தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார். ஒருவர் வாயை முகர்ந்துவிட்டு, "வாடையே இல்லையேப்பா" என்றார். "விலை கூடுன சரக்கா இருக்கும்" என்று இன்னொருவர் விளக்கினார். எழுந்து நின்று மறுக்கலாம் என்றால் கால் தள்ளாடியது. அது சாட்சிக்கு வசதியாகப் போயிற்று. ஓடி வந்த கனி, "இப்படிச் சபையில மானத்த வாங்கிட்டியே பாவி" என்று ஊருக்காகத் திட்டினாள். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அவள் கண் நிஜமாகவே கலங்கிவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுபேதார் வந்தார். கைத்தாங்கலாகப் பிடிப்பது போல என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் சிறிது நேரம் விரலை எடுக்கவே இல்லை.

"இவுகள நானே வீட்டுல விட்டுட்டு வாரேன். யாரும் கூட வர வேண்டாம்" என்று ஆர்டர் போட்டார். செல்வி மட்டும் ஆர்டரை மீறிப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

கார் என் வீட்டுத் தெருவைத் தாண்டிப் போனது.

"சம்பந்தி, என் வீடு..."

"தெரியும். இந்தப் போதை எம்புட்டு நேரமா இருக்கு?"

"செத்த நேரமாத்தான்."

"நெஞ்சு வலிக்கா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "வலிக்கும்ணே, அவுக சொல்ல மாட்டாக" என்று பின்னாலிருந்து செல்வி அழுதாள்.

"இந்த ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனா உங்க சொந்தக்காரவுகதான் வரிசையில நிப்பாக. ராஜபாளையத்துல எனக்குத் தெரிஞ்ச எடம் இருக்கு. பேசாம சாஞ்சுக்கிடுங்க."

வேர்த்துக்கொட்டியது. மூச்சு மேல்மட்டத்திலேயே நின்றது. கட்டி, மூளை, பக்கவாதம் என்று டாக்டர் சொன்னதெல்லாம் அப்போதுதான் எனக்கு அர்த்தமாயிற்று. ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. என் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன முனங்குதிய?" என்றாள் செல்வி.

"பேச்சு ஒழுங்கா வருதான்னு பாக்கேன்."

"ஏம் பேரச் சொல்லுங்க."

சொன்னேன். அதுவும் வந்தது. அவள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, அய்யனார் கோவிலுக்குக் கிடா நேர்ந்தாள். ராஜபாளையம் வருவதற்குள் அது இரண்டு கிடா ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். என்னைத் தாண்டிப் போய் சுபேதாரின் கையைப் பிடித்தார்.

"வாங்க சார், மறுபடியும் படபடப்பு வந்துருச்சா? மாத்திரைய விட்டுட்டீகளா?"

சுபேதார் அட்டென்ஷனில் நின்றார். போரில் பிடிபட்டவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"எனக்கு இல்லம்மா" என்றார் மெதுவாக. "இவுகளுக்கு."

ஈசிஜி எடுத்து, ஆக்சிஜன் மாட்டி, டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். சுபேதார் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "எனக்கு ரொம்ப நாளா இருக்கு சம்பந்தி. வீட்டுக்காரிக்கு மட்டுந்தான் தெரியும். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா பரம்பரை வியாதிம்பாகன்னு, கல்யாணம் முடியுற வரைக்கும் மறைச்சு வச்சோம்."

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளேயே நான் சிரிக்க ஆரம்பித்தேன். மானிட்டர் அலறியது. நர்ஸ் ஓடி வந்து, சிரிக்க வைத்ததற்காகச் சுபேதாரைத் திட்டினார்.

அந்த நேரத்தில் செல்விக்குக் கனியிடமிருந்து போன். மண்டபத்தில் நல்ல நேரம் முடியப் போகிறது, தாய்மாமனும் மாப்பிள்ளையின் அப்பாவும் சேர்ந்து தண்ணி போடப் போய்விட்டார்கள் என்று பேச்சு, எங்கே இருக்கிறீர்கள்? சுபேதார் போனை வாங்கி நடந்ததை எல்லாம் சொன்னார்.

"உங்க அண்ணனுக்கு இப்போ பரவாயில்ல தங்கச்சி. என் அண்ணன் கையில தட்டக் குடுத்து மாத்திக்கிடுங்க. இம்புட்டும் தெரிஞ்ச பொறவு உங்களுக்குச் சம்மதமா, அத மட்டும் சொல்லுங்க."

கனி கேட்டாள்: "அப்போ ரெண்டு வீட்டுலயும் இருக்கா?"

"சரிசமமா இருக்கு."

"அப்போ பேசுறதுக்கு என்ன இருக்கு" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிவிட்டு, தட்டு மாற்றப் போனாள்.

மாலைக்குள் என் துடிப்பு சீரானது. பிறகு நடந்த கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் நாங்கள் இருவரும் உண்மையை விளக்கமாகச் சொன்னோம். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் நம்பவில்லை. இன்றைக்கும் செக்கப்புக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து மதுரைக்குக் கிளம்பினால், "மாமாவும் மாமனாரும் பார்ட்டிக்குப் புறப்பட்டாச்சு" என்று காவ்யா வாசலில் நின்று கையசைக்கிறாள்.

போன மாதம் மம்சாபுரத்திலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தன் தம்பியை என் கடைக்கு அழைத்து வந்தார். தம்பிக்குக் குடிப்பழக்கமாம். "நீங்களும் சுபேதாரும் அம்புட்டுக் குடிச்சவுக, இப்போ எப்படி விட்டீகன்னு இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்" என்று கும்பிட்டார். மறுத்தால் நம்ப மாட்டார். சுபேதாருக்குப் போன் செய்து வரவழைத்தேன். இருவருமாகச் சேர்ந்து, அந்த நாட்களில் நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் சொன்னோம். சுபேதார் ஓர் இடத்தில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பையன் அன்றோடு குடியை விட்டுவிட்டானாம்.