புல்தரைக்குப் பட்டை போட்ட கதை

கண்மணி, இளவரசு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். தனித்தனியாகப் படித்தால் ஒருத்தர் சிரிப்பதை இன்னொருத்தர் பார்க்க முடியாது.

நம் வீட்டில் எது கோணலாகப் போனாலும் உங்கள் அம்மா "யூரியா போட்டுரலாமா?" என்று கேட்பாள். உடனே நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஏன் என்று நீங்கள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டீர்கள். அம்மா சொன்னால் இல்லாத கண், மூக்கெல்லாம் வைத்துச் சொல்லுவாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்ளலாம். நடந்ததைத் திருத்த வழியில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து கிழக்கே வந்து, நாகப்பட்டினம் சாலையில் இருந்த ஒரு பயணியர் மாளிகையில் தினக்கூலித் தோட்டக்காரனாக இருந்தேன். (மாளிகை என்றதும் அரண்மனையை நினைக்காதீர்கள். நான்கு அறை, ஒரு வராந்தா, அதற்கு முன்னால் கேட்டு வரைக்கும் நீளமாக ஒரு புல்தரை. அவ்வளவுதான்.) உங்கள் அம்மாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தோம். உங்கள் தாத்தா கோவிந்தசாமி ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: "வேலை நிரந்தரமாகட்டும், பேசலாம்." விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்வரிசையில் நிற்கிற ஆள் அவர். எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் நம்புவார்.

நிரந்தரம் ஆகவேண்டுமென்றால் ஓவர்சியர் எழுத வேண்டும். ஓவர்சியர் எழுத வேண்டுமென்றால் அவருக்கு என்னைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்தது. மேட்டூர் திறக்கப்போகிற நேரம். நடவுக் கூலியில் மிராசுதார்களுக்கும் சங்கத்துக்கும் இழுபறி. கூலி முடிவாகாமல் வயலில் கால் வைக்க மாட்டோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேச ஒரு மந்திரி வருகிறார், அதுவும் எங்கள் மாளிகைக்கு, அதுவும் சாயங்காலக் காற்றில் புல்தரையிலேயே பேச்சுவார்த்தை என்றார்கள்.

"புல்லு எப்படி இருக்கணும் தெரியுமா?" என்றார் ஓவர்சியர். "மந்திரி பாத்ததும், யாருய்யா இதை வெட்டினதுன்னு கேக்கணும்."

(கேட்டார். அதற்குத்தான் வருகிறேன்.)

ஷெட்டில் வெள்ளைக்காரன் காலத்துப் புல் வெட்டும் மெஷின் ஒன்று கிடந்தது. முன்னால் சுற்றுகிற கத்தி, பின்னால் ஓர் இரும்பு உருளை, தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி. அதுவரை நான் அரிவாளால்தான் புல் அறுத்து வந்தேன். மந்திரிக்கு அரிவாள் போதாது என்று தோன்றியது. இரண்டு நாள் எண்ணெய் போட்டு, கத்தியைத் தீட்டி, வராந்தாவிலிருந்து கேட்டு வரை தள்ளினேன். திரும்பி, கேட்டிலிருந்து வராந்தா வரை தள்ளினேன். இப்படியே போய் வந்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பிள்ளைகளா, தரை முழுக்கப் பட்டை! ஒன்று வெளுப்பு, ஒன்று கருப்பச்சை, ஒன்று வெளுப்பு, ஒன்று கருப்பச்சை. கயிறு கட்டி நாற்று நட்ட மாதிரி நேராக இருந்தது. எனக்கே கைதட்டலாம் போல இருந்தது.

ஓவர்சியர் வராந்தாவுக்கு வந்தார். டீ டம்ளர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"ஏய், என்னடா இது? பாதியை வெட்டிட்டுப் பாதியை விட்டு வச்சிருக்க!"

"எல்லாத்தையும் வெட்டிட்டேன் சார்."

"கண்ணு இல்லையா எனக்கு? வேப்பமரத்துலேர்ந்து எண்ணு. மொதல் பட்டை வெட்டல, மூணாவது வெட்டல, அஞ்சாவது வெட்டல. கருப்பா நிக்குது பாரு!"

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் ஜீப்பில் வந்து கேட்டில் இறங்கினார். இறங்கியதும் அவரும் கத்தினார்.

"யாருய்யா அது? ரெண்டாவது, நாலாவது, ஆறாவதை ஏன் வெட்டாம விட்டிருக்கீங்க?"

"ரெண்டு, நாலு வெட்டியிருக்கு சார்! ஒண்ணு, மூணுதான் வெட்டல!" என்று வராந்தாவிலிருந்து ஓவர்சியர் கத்தினார்.

"எனக்கு எண்ணத் தெரியாதுங்கிறீங்களா?"

நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். உருளை புல்லை ஒரு வாட்டமாகச் சாய்த்துவிடுகிறது. நம்மைப் பார்த்துச் சாய்ந்தது கருப்பாகவும், நம்மை விட்டுச் சாய்ந்தது வெளுப்பாகவும் தெரியும். எதிர்ப்பக்கம் போனால் அது அப்படியே மாறிவிடும். இதெல்லாம் பின்னாளில் நானே யோசித்துக் கண்டுபிடித்தது. அன்றைக்கு மூன்று பேருக்கும் தெரியாது.

சமையற்கட்டிலிருந்து காதர் பாய் வந்தார். மாளிகையின் சமையற்காரர். வருகிற அதிகாரிகள் எல்லாருடைய வயிறும் அவருக்கு அத்துப்படி என்பதால் யாருக்கும் பயப்பட மாட்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் எடம் மாறி நின்னு பாருங்களேன்."

மாறி நின்றார்கள். கேட்டுக்குப் போன ஓவர்சியர், "இன்ஜினியர் சார் சொன்னதுதான் சரி! ரெண்டு, நாலுதான் வெட்டல!" என்றார். வராந்தாவுக்கு வந்த இன்ஜினியர், "இல்லய்யா, நீங்க சொன்னதுதான் சரி! ஒண்ணு, மூணு!" என்றார். அவர் இவருக்காகவும் இவர் அவருக்காகவும் முன்னைவிடச் சத்தமாகச் சண்டை போட்டார்கள்.

"கட்சி மாறிட்டாங்க. சண்டை மட்டும் மாறலை பாரு" என்று பாய் என் காதோடு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் இருவரும் களைத்துப்போய், வெட்டாத பட்டை எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த கேள்வி, இது பார்க்க நன்றாக இருக்கிறதா இல்லையா?

"வெளிநாட்டுல இப்படித்தான் வெட்டுவாங்களாம். அழகாத்தான் இருக்கு" என்றார் இன்ஜினியர்.

ஓவர்சியருக்கு வியர்த்துவிட்டது. "சார், வர்றது பகுத்தறிவு மந்திரி. நேரா நின்னு பாத்தா நாமம். பக்கவாட்டுல நின்னு பாத்தா விபூதி. என் வேலை போயிடும் சார்!"

இன்ஜினியர் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஒரே நெறமா ஆக்கிடு தம்பி" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஓவர்சியர் விரலை நீட்டினார். "ஒரே நெறம். ஆச்சுன்னா உன் பேரை நிரந்தரத்துக்கு எழுதறேன். இல்லேன்னா ஊரைப் பாத்துப் போயிடு."

மந்திரி வர இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளில் புல் தானாக நிமிர்ந்து ஒரே நிறமாகியிருக்கும். நான் ஒன்றுமே செய்யாமல் மரத்தடியில் படுத்துத் தூங்கியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் நான் நெல்லுப் பார்த்து வளர்ந்தவன் இல்லையா? பயிர் வெளுத்துப்போனால் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள்? யூரியா போடுவார்கள். மூன்றாம் நாள் கருகருவென்று ஏறிவிடும். ஆகவே வராந்தாவிலிருந்து பார்த்து வெளுப்பாகத் தெரிந்த பட்டைக்கு மட்டும் யூரியா போட்டால் அதுவும் கருப்பச்சையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். (இந்தப் புத்தியை நினைத்து அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.) தென்னை மரங்களுக்கு வாங்கி வைத்த மூட்டை ஷெட்டில் இருந்தது. இடுப்பில் துண்டைக் கட்டி, கூடையில் அள்ளி, ஒரு பட்டை விட்டு ஒரு பட்டையாகக் கைவீசிப் போட்டேன். சீக்கிரம் பச்சை ஏறட்டும் என்று இன்னொரு கூடையும் போட்டேன்.

வயலில் தண்ணீர் நிற்கும். இங்கே நின்றது வைகாசி வெயில். கிணற்றிலும் தண்ணீர் அடியில் கிடந்தது. பூவாளியால் தெளித்த தண்ணீர் புல்லின் நுனிக்கே போதவில்லை.

இரண்டாம் நாள் பட்டைகள் மஞ்சளாயின. மூன்றாம் நாள் வைக்கோல் நிறம். நான்காம் நாள் காலையில் ஓவர்சியர் வந்து பார்த்துவிட்டு வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை எந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாலும் பட்டை மாறவில்லை. ஒரு பட்டை பச்சை, ஒரு பட்டை பொசுங்கல்.

"ஜமக்காளத்தை விரிச்சு மூடு" என்றார், செத்த குரலில். உள்ளே போய் எடுத்து வந்து விரித்தேன். ஜமக்காளத்திலும் பட்டை. அதுவும் குறுக்கே. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நானே சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மிராசுதார்கள் முதலில் வந்தார்கள். பச்சைப் பட்டைகளாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் பெரியவர் வைத்தியலிங்கம் என்பவர். வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியை ஊன்றிக்கொண்டு தரையை மேலும் கீழும் பார்த்தார். நில உச்சவரம்பு பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

"என்னப்பா, துண்டு துண்டாப் பிரிச்சு வச்சிருக்கு? நிலத்தை இப்படித்தான் பங்கு போடப்போறோம்னு சாடையாக் காட்டுறாங்களா?"

பிறகு சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் உங்கள் தாத்தா. மிராசுதாருக்கு எதிரே சமமாக நாற்காலியில் உட்காரப்போகிற நாள் என்று சலவை வேட்டி கட்டி வந்திருந்தார். மீதி இருந்த இடத்தைப் பார்த்தார்.

"அவங்களுக்குப் பச்சை, எங்களுக்குப் பொசுங்கலா? புல்லுலகூட பாகுபாடு வச்சிருக்கீங்களா? உக்கார மாட்டோம்!"

"நீங்க நடவுக்கு வர மாட்டேங்கிறதாலதானே புல்லே காயுது" என்றார் வைத்தியலிங்கம்.

"புல்லுக்கும் நடவுக்கும் என்னங்க சம்பந்தம்?"

இரண்டு பக்கமும் எழுந்து நின்றுகொண்டார்கள். மந்திரி வந்து இறங்கியபோது ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. தனக்கு மரியாதை தருகிறார்கள் என்று நினைத்து அவர் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பாதி வழியில் தரையைப் பார்த்து நின்றார். பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தக் கலர்ல எந்தக் கட்சிக் கொடிய்யா இருக்கு?" என்று கேட்டார்.

"எதுவும் இல்லைங்க."

"அப்ப யாருய்யா இதை வெட்டினது?"

என்னைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஓவர்சியர் என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"வெளுத்திருந்துச்சுங்க. பச்சை ஏறட்டும்னு யூரியா போட்டேங்க."

வைத்தியலிங்கம் கைத்தடியை என் பக்கம் நீட்டினார். "தண்ணி எவ்வளவு கட்டினே?"

"பூவாளியால தெளிச்சேங்க."

"பூவாளியா!" என்று அவரும் உங்கள் தாத்தாவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

உங்கள் தாத்தா குனிந்து ஒரு பொசுங்கல் புல்லைப் பிடுங்கி மிராசுதாரிடமே நீட்டினார். "வேரு வரைக்கும் வெந்துபோச்சு பாருங்க. நல்லா ஈரம் இருந்தாத்தானே தாங்கும்?"

"மண்ணைக் கலந்தாவது போட்டிருக்கலாம்ல?" என்றார் மிராசுதார்.

"இல்ல, ஒரு நாள் ஊறவிட்டு வேப்பம்புண்ணாக்கோட போடணும்."

"அது சரி. நம்ம வடக்கு வயலுக்கு நீ அப்படித்தானே போட்டே."

பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டி எல்லாரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் புல்லைக் கிளற ஆரம்பித்தார்கள். யார் பச்சையில், யார் பொசுங்கலில் என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. எத்தனையோ மாதமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் அன்றைக்கு ஏகமனதாக ஒன்றை முடிவு செய்தது: இவனைப் போல ஒரு மடையனை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை.

"எந்த ஊருப்பா நீ?" என்றார் வைத்தியலிங்கம்.

"திருக்காட்டுப்பள்ளிப் பக்கம்."

"காவேரிக் கரையிலேர்ந்தா வந்தே!" என்று நெஞ்சில் கை வைத்தார். உங்கள் தாத்தா அப்போதுதான் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஐயய்ய. எம்பொண்ணைக் கேட்டு ஆள் விட்டது இவந்தானா?"

மந்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிராசுதார் சிரித்தார். காதர் பாய் சமையற்கட்டு ஜன்னலில் சிரித்தார். நான் மட்டும் பூமி பிளக்காதா என்று பார்த்தேன். (யூரியா போட்ட இடத்தில் கொஞ்சம் வெடிப்பு இருந்தது. நான் நுழைகிற அளவுக்கு இல்லை.)

சிரித்து முடித்தபோது எல்லாரும் அங்கங்கே நாற்காலியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நெடுநேரம் சண்டை போட்டார்கள்தான். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் கையெழுத்தானது. மந்திரி காரில் ஏறும்போது இன்ஜினியரைக் கூப்பிட்டு, "அந்தத் தம்பியை நிரந்தரம் பண்ணிடுங்க. ஆனா தோட்டத்துல வேணாம்" என்றார். அப்படித்தான் நான் அலுவலகத்துக்குத் தபால் தூக்கப் போனேன். ஓவர்சியர் என் பணிப்பதிவேட்டில் முதல் வரியாகவே எழுதினார்: "புல் வெட்டும் இயந்திரத்தையும் உரத்தையும் இவரிடம் ஒப்படைக்கக் கூடாது."

தாத்தா அந்தப் பதிவேட்டை வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பெண் கொடுத்தார். "எழுத்துல இருக்கு, சரி. ஆனா மாப்பிள்ளை நம்ம வயல் வரப்புல கால் வைக்கக் கூடாது" என்றார். இன்றைக்கு வரை வைத்ததில்லை. உங்கள் அம்மா கல்யாணத்தன்று என்னிடம் பேசிய முதல் வார்த்தைதான் இன்றைக்கும் நீங்கள் கேட்கிற அந்த வார்த்தை. என் மாலையில் ஒரு பக்கம் பூ வாடியிருந்தது. குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்: "யூரியா போட்டுரலாமா?"

இதுவரை அம்மாவுக்குத் தெரியும். இனி வருவது அவளுக்கும் தெரியாது.

மந்திரி வந்த அன்றைக்குக் கார்களும் சைக்கிள்களும் போன பிறகு, பாய் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் அந்த மெஷினை நான் தொடக் கூடாது. சமையற்கட்டுக்குப் பின்னால், ஜன்னல் விளக்கின் வெளிச்சம் விழுகிற இடத்தில், நான் உரம் போடாத ஒரு துண்டு புல் இருந்தது. ஷெட்டைத் திறந்து மெஷினைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு தடவை போனேன். ஒரு தடவை வந்தேன். இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் போய் நின்றும் பார்த்தேன்.

அழகாகத்தான் இருந்தது.

கத்தியில் ஒட்டியிருந்த புல்லை வேட்டி நுனியால் துடைத்து, மெஷினை ஷெட்டில் வைத்துப் பூட்டினேன்.