டோரதி மூன்று துண்டு மீன் சாப்பிட்ட விவரம்

மைசூர்,
14-11-1953

மரியாதைக்குரிய பெர்னார்ட் மச்சானுக்கு, தங்கை புருஷன் சகாயநாதன் பணிவுடன் எழுதிக்கொண்டது. மாதா கிருபையால் இங்கே இருவரும் சுகம். தங்கவயலில் தாங்களும் அக்காவும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் தங்கச்சி இரண்டு கரண்டி கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறாள் என்றால் வியாழக்கிழமை வந்து அழைத்துப்போய்விடுவேன், சோறு போடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று ஐந்தாம் வகுப்புக்குப் நான் வரைந்து காட்டிய பூசணிக்காய் சுரைக்காயாகிவிட்டது. டாக்டர் மீன் கொடுக்கச் சொல்கிறார், டோரதியோ ஆற்று மீனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஆஸ்பத்திரியில் இவளோடு வேலை பார்த்த வெள்ளைக்கார நர்ஸம்மா ஒருமுறை சால்மன் என்ற மீனில் இனிப்பும் உப்புமாக எதையோ பூசிக் கொடுக்க, இவள் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தாள். அந்தம்மா சீமைக்குப் போகும்போது கொடுத்த சமையல் புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது. சால்மன்தான் இல்லை. மங்களூர் லாரி ஓட்டும் எட்வர்டிடம் கேட்டேன். "சார், மங்களூர்ல துரைங்க சால்மன்னு தின்னது நம்ம காலா மீனைத்தான்" என்று சொல்லி, நேற்றுக் காலை ஐஸும் மரத்தூளுமாய் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். ஸ்கேல் வைத்து அளந்தேன், இரண்டே கால் அடி.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். புத்தகத்தில் தேன், கடுகு விழுது, என்னவோ ஒரு கறுப்பு சாஸ் என்று இருந்தது. நம்ம வீட்டில் வெல்லமும் புளியும் இஞ்சியும் மிளகும்தான். சரி, இனிப்புக்கு இனிப்பு, புளிப்புக்குப் புளிப்பு என்று பாகு காய்ச்சினேன். மீனை வெட்டி, இரண்டு துண்டை அதிலேயே முக்கி தவாவில் போட்டது என் தப்பு. மீன் வேகறதுக்கு முன்னாடி வெல்லம் கரியாப் போச்சு. புகை தெருவுக்குப் போய், வீடு பத்திக்கிச்சுன்னு யாரோ ஜன்னல் வழியா ஒரு குடம் தண்ணியை ஊத்திட்டாங்க, பாதி அடுப்புல, மீதி என் மேல. "என்னங்க அங்க?" என்றாள் டோரதி கட்டிலிலிருந்து. "ஒண்ணுமில்லை, படு" என்றேன். மறுபடி அடுப்பு மூட்டி இரண்டாம் பாகு வெச்சேன். அது முற்றிப்போய் கடலை மிட்டாய் மாதிரி இறுகி, கரண்டி அதுக்குள்ளேயே நின்னுடுச்சு. அங்கேதான் மச்சான், நான் டிராயிங் மாஸ்டர் என்பது எனக்கே உறைத்தது. மரத்துக்கு வார்னிஷ் எப்போ அடிக்கறோம், வேலையெல்லாம் முடிஞ்ச பிறகுதானே. முதலில் மீதித் துண்டுகளை வெறும் உப்பும் மிளகும் போட்டு, தோல் கீழே இருக்க நெய்யில் பொரித்தேன். பாகை இளசாய் இறக்கி, எட்டாம் நம்பர் பிரஷால் (புதுசு, சத்தியமாகப் புதுசு) ஒரு கை பூசினேன். சிறு தணலில் ஒரு நிமிஷம். இன்னொரு கை, இன்னொரு நிமிஷம். மூன்றாவது கைக்கு மீன் மேலே என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். மோந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. ஒரு விள்ளல் வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"வெல்லமா?"

"வெல்லம்தான்."

"புளிகூட இருக்கு" என்று சொல்லி, முழுத் துண்டையும் தின்றுவிட்டு, "இன்னொண்ணு வைங்க" என்றாள். மூன்று துண்டு, மச்சான். விரலையும் நக்கினாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பிரஷைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

ஆகையால் இந்த வீட்டிலும் சோறு போடத் தெரிந்த ஆள் இருக்கிறான் என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வியாழக்கிழமைப் பயணம் வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், பிள்ளைகளுக்கு இருவர் ஆசியும்.

தங்கள் அன்புள்ள,
சகாயநாதன்

பி.கு.: தபாலில் போடுமுன் டோரதி இதை வாங்கிப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வாரமாக, நான் பள்ளிக்கூடம் போனதும் பக்கத்து வீட்டுக் கெம்பம்மா இவளுக்குக் களியும் கீரைச் சாறும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதனால்தான் சாயந்திரம் என் கஞ்சி இறங்கவில்லையாம். நேற்றும் நான் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். "சொல்லியிருந்தா நீங்க அடுப்படிப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க" என்கிறாள். இருக்கட்டும். வயிறு நிறையக் களி தின்றவள் அதற்கு மேல் மூன்று துண்டு தின்றாள் என்றால் மீன் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ளவும்.